ரயில் முடியுற ஊர்

முட்டம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். மடியில் புது ஸ்வெட்டர்கள்.

“ஏட்டி, மோர்மிளகாய் பனியில நமத்துப் போவுமா?”

“நமத்தா கட்ரா போயி எறங்கி வறுத்துக்கிடலாம். ஒன் வீட்டுக்காரரு என்ன சொல்லுதாரு?”

“ரெண்டு பொம்பளைங்க தனியா காஷ்மீர் பக்கம் போனா வழி தவறிருவோமாம்.”

“எப்படித் தவறும்? ரயிலு நம்ம கன்னியாகுமரியில பொறப்படுது, கட்ராவுல முடியுது. எல்லாரும் எறங்கும்போ நாமளும் எறங்குவோம்.”

“திரும்பி வரும்போ தூங்கிட்டோம்னா?”

“நல்லாத் தூங்கு மக்கா. இங்க வந்த பொறவு ரயிலு எங்க போவும்? கடலுல்லா கெடக்கு.”

இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். கண்டக்டர் வந்து நின்றார்.

“அக்கா, ராஜாக்கமங்கலத்துக்குல்லா டிக்கெட் எடுத்தீங்க? அது போயி ரெண்டு ஸ்டாப் ஆச்சு.”