அக்கா பேர்ல ஒரு கம்பெனி

ஆமா மேடம், அவன் என் கூடப் பிறந்த தம்பிதான். உங்க யுனிவர்சிட்டி புரொபசரேதான். இதைக் கண்டுபிடிக்கவா உங்க கமிட்டிக்கு இத்தனை நாள் ஆச்சு? கல்யாணம் ஆனதும் என் இனிஷியல் மாறிப்போச்சு, அவ்வளவுதான். ஒரே ஒரு எழுத்து. அதைத் தாண்டிப் பார்க்கத் தெரியல உங்க ஆளுங்களுக்கு. ஏசி ரூம்ல உட்கார்ந்து பிஸ்கட் தின்னுட்டு... சரி சரி, உங்களைச் சொல்லல. நீங்க புதுசா வந்தவங்க.

கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, அந்தப் பொண்ணு தலைக்கு டிரையர் ஓடுது. அவ காதுல ஒண்ணும் விழாது.

மருந்துக் கம்பெனியா? என் பேர்லதான் இருக்கு. முதலாளி நான்தான். சிரிப்பு வருதுல்ல? பியூட்டி பார்லர்ல தலைக்குச் சாயம் அடிக்கிறவ, சர்க்கரைப் புண்ணை ஆத்துற களிம்புக்கு முதலாளி! தம்பி ஒருநாள் கடைக்கு வந்தான். ஒரு கஸ்டமர் தலை என் கையில. அக்கா, லோனுக்கு ஜாமீன், ஒரு கையெழுத்துன்னான். சின்ன வயசுல தலை வாரி விட்ட பையன், படிச்சுப் பார்த்தா போடுவாங்க? கையைத் துடைச்சுட்டுப் போட்டேன். போன மாசம் யாரோ போன் பண்ணி, மருந்துக் கம்பெனி எம்.டி. மேடமான்னு கேட்டாங்க. ராங் நம்பர்னு வெச்சுட்டேன். மறுபடி என் பேரைச் சொல்லிக் கேட்டாங்க.

என்னடா இதுன்னு அவனைப் பிடிச்சேன். பாடம் எடுக்கறான் எனக்கு. மருந்து கண்டுபிடிச்சவனே கம்பெனியும் வெச்சிருந்தா, அவனே அதை நோயாளிங்க மேல சோதிக்கக் கூடாதாம். லாபம் கண்ணை மறைச்சிடுமாம். அதான் உன் பேர்ல போட்டேன், இப்ப பாரு, எனக்கு ஒண்ணுமே இல்லைன்னு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டறான், மேஜிக் பண்றவன் மாதிரி.

தெரியும் மேடம், கம்பெனிக்கு ஆலோசகர்னு மட்டும் உங்ககிட்ட சொல்லியிருந்தான். அதுக்கு நீங்க என்ன பண்ணீங்க? மீட்டிங்ல அந்தக் களிம்பைப் பத்திப் பேச்சு வந்தா அவன் ரூமை விட்டு வெளிய போகணும்னீங்க. போனானே! வராண்டால நின்னு காபி குடிச்சுட்டு, உள்ள வந்து, என்ன முடிவு பண்ணீங்கன்னு கேட்டுக்கிட்டானாம். எங்க வீட்ல சாப்பிட்டுக்கிட்டே சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். அப்ப எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம், அவன் நடத்துற சோதனைக்கு மேற்பார்வையா ஒரு ஆளு. யாரைப் போட்டீங்க? அவன்கிட்டயே பிஎச்.டி. முடிச்ச பையனை. அவனுக்குக் கார் கதவைத் திறந்து விடுற பையன் மேடம் அது. மேற்பார்வை பார்த்துக் கிழிச்சான்.

நேத்தா? வந்தான். மூஞ்சி செத்துப்போயிருந்துச்சு. இன்னிக்கு நீங்க வருவீங்கன்னு ஒப்பிக்கச் சொல்லிக் கொடுத்தான். அக்கா, தோல் சம்பந்தமா உனக்கு ஆரம்பத்துலேர்ந்தே ஆர்வம், அதனால நீயே கம்பெனி ஆரம்பிச்சேன்னு சொல்லிடுன்னான். தோல் சம்பந்தமா! ஃபேஷியல் பண்றேன்ல, அதான் ஆர்வமாம். இவ்வளவு படிச்சவனுக்கு ஒரு பொய் ஒழுங்காச் சொல்ல வரல. போடா வெளியன்னேன். அழுதான். டிஷ்யூ அங்க இருக்கு, துடைச்சுட்டுப் போன்னேன்.

இப்ப அவன் எழுதின ரிப்போர்ட் ஒண்ணு படிச்சுக் காட்டினீங்களே, அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க. ம். களிம்பு போட்டுக்கிட்ட எல்லாருக்கும் புண் ஆறிடுச்சு, சிலர் மட்டும் சொந்த விருப்பத்துல பாதியில விலகிட்டாங்க. என்ன அழகா எழுதறான் பாருங்க.

தாராளமா எழுதித் தரேன். நேர்லயும் வந்து சொல்றேன். என் மேலயும் கேஸ் வருமா? வரட்டும், பார்த்துக்கலாம். திங்கட்கிழமை காலையிலயா? சரி, கடையை மூடிட்டு வந்துடறேன்.

ஆமா, கமிட்டி உட்கார்ற ரூம் எத்தனாவது மாடி? மூணாவதா? லிஃப்ட் ஒழுங்கா ஓடுமா?

எனக்கில்ல மேடம், நான் படியில ஓடியே ஏறிடுவேன். என் வீட்டுக்காரரும் வர்றார். கம்பெனி என் பேர்லன்னு சொன்னதும் கொஞ்ச நாள் நான் போட்ட காபியைத் தொடவே இல்ல. அப்புறம் அவரா, நானும் வரேன்னார். அவருக்குக் கால்ல சர்க்கரைப் புண், சோதனைக்குக் கூட்டிட்டுப் போனதே என் தம்பிதான். நம்ம மருந்து மாமா, உங்களுக்குப் போடாம யாருக்குப் போடப் போறேன்னான். கால் விரல் கறுத்துப்போனதும், போதும் மாப்ளே, நிறுத்திக்கலாம்னார் அவர். இப்ப நிறுத்தினா ரிசல்ட் கெட்டுடும் மாமா, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கங்கன்னான். கடைசில ஆஸ்பத்திரில முட்டிக்குக் கீழ காலை எடுத்துட்டாங்க.

சொந்த விருப்பத்துல விலகினவங்கன்னு எழுதியிருக்கே, அதுல ஒருத்தர் அவர்தான். லிஃப்டை மட்டும் கொஞ்சம் பார்த்துச் சொல்லிடுங்க மேடம்.