அண்ணனுக்காகப் படித்த படிப்பு

மணமேல்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் பிசியோதெரபி உதவியாளர் படிப்பு படிக்கும் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"இதப் படிக்காமயே இருந்திருக்கலாம்டி," என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

"ஒங்க அண்ணனுக்காகத்தானே சேந்த?"

"ஆமா. மீன்புடிக்கப் போனப்ப போட்டுல விழுந்து முதுகெலும்பு ஒடஞ்சதுலேருந்து படுத்தே கெடக்கான். நான் படிச்சு முடிச்சா நடக்க வச்சுருவேன்னு அம்மா ஊரெல்லாம் சொல்லுது. அவன் இனிமே நடக்க மாட்டான்னு படிச்சப்பறந்தான் எனக்கே தெரிஞ்சுச்சு."

"அம்மாட்ட சொன்னியா?"

"எப்படிச் சொல்ல? தெனமும் அவன் கால மடக்கி நீட்டுறேன். அம்மா பக்கத்துல வந்து நின்னா வலிக்குதுங்கிறான்."

"வலி தெரிஞ்சா நல்லதுதானே?"

"இடுப்புக்குக் கீழ அவனுக்கு உணர்ச்சியே இல்லடி. வலிக்குதுன்னு சொன்னா, அன்னைக்கி அம்மா ஒழுங்கா சாப்புடுது."