மூன்றாம் அறையின் இரண்டு பிளக்குகள்

என் பெயரும் தகப்பனார் பெயரும் இத்தாளின் தலைப்பில் எழுதப்பட்டுள்ளன. எனக்கு வயது முப்பத்தாறு. பேருந்துப் பணிமனைக்குப் பின்தெருவில், அச்சகத்தின் மேல்மாடியில், கணவருடனும் மகளுடனும் குடியிருந்து வருகிறேன். அலுவலகங்களுக்கும் கிடங்குகளுக்கும் கணினி இணைப்பு, கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றைப் பொருத்தித் தரும் தொழிலைப் பதினோரு வருடங்களாகச் செய்கிறேன். இவ்வழக்கில் எதிரியாகக் காட்டப்பட்டிருக்கும் இறைச்சிக் குளிர்பதனக் கிடங்கின் மேலாளர், என் கூடப்பிறந்த அக்காவின் கணவர். அவரை மாமா என்று கூப்பிடுவேன். இந்த வாக்குமூலத்தில் அவரை மேலாளர் என்றே குறிப்பிட விரும்புகிறேன்.

சென்ற வருடம் மேற்படி கிடங்கின் ஆறு அறைகளிலும், அறைக்கு ஒரு கேமராவும் ஒரு வெப்பநிலை சென்சாரும் பொருத்தும் வேலையை மேலாளர் எனக்கு வாங்கித் தந்தார். சென்சாரின் வேலை, அறையின் குளிர் குறைந்தால் மேலாளருக்கும் வெளியூரில் இருக்கும் முதலாளிக்கும் எச்சரிக்கை அனுப்புவதும், வெப்பநிலையை இடைவிடாமல் பதிவு செய்வதும் ஆகும். இக்கருவிகளுக்குத் தனியாக மின்கம்பி தேவையில்லை. தகவல் போகும் அதே நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பலாம். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. எல்லா கேபிளும் வந்து சேரும் இடத்தில், அவற்றுக்குத் தானே மின்சாரமும் கொடுக்கக்கூடிய பெரிய நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றை வைப்பது ஒன்று. சாதாரண ஸ்விட்சை வைத்து, ஒவ்வொரு கேபிளின் நடுவிலும் இன்ஜெக்டர் என்னும் சிறு பெட்டியைச் சேர்த்து, அதன் பிளக்கைச் சுவரில் செருகுவது மற்றொன்று. இரண்டு மூன்று கருவிகள் என்றால் இன்ஜெக்டர் போதும். பன்னிரண்டு கருவிகள் இருந்ததாலும், பேட்டரியோடு பூட்டிய பெட்டிக்குள் வைத்தால் யார் கையும் படாது என்பதாலும், பெரிய ஸ்விட்சே சரி என்று எழுதிக் கொடுத்தேன்.

அதன் பிறகு மேலாளர் என்னைத் தம் அறைக்கு அழைத்து, "ஒன்னு கெட்டா பன்னெண்டும் படுத்துக்கும். தனித்தனியா இருந்தா கெட்டதை மட்டும் மாத்திக்கலாம். பெட்டியெல்லாம் என் மேஜைக்கு அடியில வச்சிடு, என் கண் பார்வையிலேயே இருக்கட்டும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றியது. சிக்கனத்துக்காகச் சொல்கிறார் என்றும் நினைத்தேன். சாதாரண ஸ்விட்சை நடைவழிச் சுவரில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு, பன்னிரண்டு இன்ஜெக்டர்களையும் அவர் மேஜைக்கு அடியில் வரிசையாக வைத்தேன். எந்தப் பிளக் எந்த அறைக்கு என்று குழம்பக் கூடாதே என்று ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பட்டை ஒட்டி, என் கையெழுத்திலேயே எழுதி வைத்தேன். அதைப் பார்த்து அவர், "பள்ளிக்கூடத்துல உனக்குக் கையெழுத்துக்குப் பரிசு குடுத்திருப்பாங்களே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு இரண்டு முறை, சென்சார் நின்று போனதாகவும் உடனே வரும்படியும் மேலாளர் எனக்கு போன் செய்தார். இரண்டு முறையும் நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. "உன்னைக் கண்டதும் பயந்துபோய் வேலை செய்யுது" என்று சொல்லி, வந்ததற்கு ஒரு சீட்டு எழுதித் தரும்படி கேட்டார். ‘இணைப்புக் கோளாறு, சரிசெய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். பதிவில் விழுந்த இடைவெளிக்கு அந்தச் சீட்டுகளைத்தான் அவர் முதலாளியிடம் காட்டி வந்தார் என்பது பின்னால் தெரிந்தது.

அதன் பிறகு சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை மூன்றாம் முறையாக அழைத்தார். பகல் பன்னிரண்டு மணி அளவில் போனேன். மேலாளர் தம் மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கீழே குனிந்து பார்த்தபோது மூன்றாம் அறைக்கு உரிய இரண்டு பிளக்குகளும் கழற்றப்பட்டு, வயர் சுருட்டப்பட்டு, ஓரமாக வைக்கப்பட்டிருந்தன. தானாகக் கழன்று விழும் பிளக் தன் வயரைச் சுருட்டி வைத்துக்கொள்ளாது. நான் ஒன்றும் கேட்காமல் இரண்டையும் என் கையால் செருகினேன். அவர் மென்றுகொண்டே காலை நகர்த்தி இடம் விட்டார்.

அதன் பிறகு சென்சாரைச் சரிபார்க்க, கோழி இறைச்சி அடுக்கியிருந்த மூன்றாம் அறைக்குப் போனேன். வாசலில், நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் சுமைதூக்கும் தொழிலாளி நின்றிருந்தார். "அக்கா, மூக்கைப் பொத்திக்கிட்டுப் போங்க" என்றார். உள்ளே குளிர் சரியாக மைனஸ் பதினாறு காட்டியது. ஆனால் தரை முழுவதும் இளஞ்சிவப்பு நிறத்தில் பனிக்கட்டி பரவியிருந்தது. அதற்குள் ரப்பர் செருப்புத் தடங்கள் அச்சு அச்சாக உறைந்திருந்தன. கோழியிலிருந்து வடிந்த நீரில் ஆட்கள் நடந்திருக்கிறார்கள், அதன் பிறகுதான் அது மறுபடி உறைந்திருக்கிறது. அந்தக் குளிரிலும் நாற்றம் அடித்தது. புளிப்பும் இனிப்புமான நாற்றம். அது நாக்கில் வந்து ஒட்டியது. வெளியே வந்து சாக்கடை ஓரம் வாந்தி எடுத்தேன். வெள்ளிக்கிழமை இயந்திரம் நின்றதாகவும், ஞாயிற்றுக்கிழமைதான் மெக்கானிக் வந்ததாகவும், இடையில் கோழியை உப்பும் வினிகரும் கலந்த நீரில் அலசிப் புதுத் தேதி ஒட்டச் சொன்னதாகவும் நெட்டை சொன்னார். அவர் தம் கைகளை என்னிடம் காட்டினார். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது.

அதன் பிறகு மேலாளரிடம் போய், "மாமா, அது கெட்டுப்போச்சு, வெளிய அனுப்பாதீங்க" என்றேன். அவர் பல் குத்திக்கொண்டே, "கோழின்னா நாறத்தான் செய்யும். உன் வேலை வயரு. வயரைப் பாத்தியா, சீட்டைக் குடு" என்றார். என் மகளின் பள்ளிச் சேர்க்கைக்கு அவர்தான் அலைந்தார் என்பதும், அக்கா முகமும் நினைவுக்கு வந்தன. ‘பிளக் தளர்வு, சரிசெய்யப்பட்டது’ என்று பொய் எனத் தெரிந்தே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். வீட்டுக்குப் போய் இரண்டு முறை குளித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் அந்தச் சரக்கு செவிலியர் மாணவிகள் விடுதிக்குப் போனது. புதன்கிழமை முப்பத்தெட்டுப் பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சனிக்கிழமை, அந்த விடுதிச் சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி இறந்துபோனார். மாணவிகள் சாப்பிட்டு மிஞ்சியதைத்தான் அவர் சாப்பிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு கிடங்குக்குப் போய், என்னிடம் இருந்த சாவியால் நடைவழிப் பெட்டியைத் திறந்து, ஸ்விட்சின் பதிவைப் பிரதி எடுத்தேன். இன்ஜெக்டரைப் பிடுங்கினால் யாருக்கும் தெரியாது என்று மேலாளர் நினைத்திருக்கிறார். கருவி அணைந்தால் அதன் கேபிள் வந்து சேரும் ஸ்விட்சில் அந்த இணைப்பு அறுந்த நேரம் பதிவாகும் என்பது அவருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை காலை 11.42க்கு மூன்றாம் அறையின் சென்சாரும், ஒன்பது வினாடி கழித்து அதே அறையின் கேமராவும் துண்டிக்கப்பட்டிருக்கின்றன. மின்தடை என்றால் பன்னிரண்டும் ஒன்றாகப் போயிருக்கும். ஒன்பது வினாடி என்பது ஒரு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பட்டையைப் படித்து, அடுத்ததைப் பிடுங்கும் நேரம். திங்கட்கிழமை 12.14க்கு இரண்டும் திரும்ப வந்திருக்கின்றன. அது நான் செருகியது. முந்தைய இரண்டு முறையும் இதே போல்தான், ஒரே அறையின் இரண்டு கருவிகள், சில வினாடி இடைவெளி. அப்போது அனுப்பிய சரக்கை யார் யார் சாப்பிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது.

நேற்று அக்கா என் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "வயரு கழண்டுபோச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் நாக்கு அழுகிடுமா?" என்று கேட்டாள். "உன் வீட்டுக்காரர் அந்தக் கோழியில ஒரு கிலோ வீட்டுக்குக் கொண்டுவந்தாரா?" என்று நான் கேட்டேன். அவள், "அந்த வாரம் கறியே வேணாம்னுட்டாரு" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது போலும். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள். இதையும் எழுதிக்கொள்ளும்படி நானேதான் கேட்டுக்கொண்டேன்.

மேலே கண்டவை எனக்கு வரிவரியாக வாசித்துக் காட்டப்பட்டன. மூன்றாவது சீட்டைப் பற்றிய வரியில் ‘விவரம் தெரியாமல்’ என்று முதலில் எழுதப்பட்டிருந்தது. காவல் ஆய்வாளர், "உங்க நல்லதுக்குத்தாம்மா அப்படிப் போட்டேன்" என்றார். அதை அடித்துவிட்டு, ‘பொய் எனத் தெரிந்தே’ என்று எழுதச் செய்து, அடித்தலுக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். இப்போது இதில் உள்ள யாவும் உண்மை.

(ஒப்பம்)