மஞ்சள் பல்பும் ஊரெல்லாம் வந்த காமாலையும்

என் பெயர் ஹபிபுல்லா, வயது ஐம்பத்தெட்டு, பெரம்பலூர் மாவட்டம் லப்பைக்குடிக்காட்டில் குடியிருந்து, கடைத்தெருவில் இன்டர்நெட் சென்டர் நடத்தி வருகிறேன். எங்கள் ஊர் டாக்டர் செல்லப்பன் என் மேல் கொடுத்த புகார் சம்பந்தமாக நான் சொல்லப்போவதை இந்த ஸ்டேஷனில் மட்டுமல்ல, இந்தப் பூமியிலேயே ஒருவரும் நம்பப்போவதில்லை என்று முதலிலேயே உறுதி கூறுகிறேன்.

எங்கள் ஊர் ஆண்களில் பாதிப்பேர் வளைகுடாவில் இருப்பதால், அவர்கள் மனைவிமார் என் சென்டரில் திரை போட்ட அறையில் உட்கார்ந்து கேமரா வழியாகப் பேசுவது வழக்கம். கணவன் கண்ணுக்கு மனைவி தங்கச்சிலையாகத் தெரியட்டும் என்று அந்த அறையில் மஞ்சள் பல்பு மாட்டியவன் நான். அதன் பிரகாசத்தைப் பார்த்து, திருச்சியில் இறங்க வேண்டிய விமானம் எங்கள் ஊருக்கு மேலே வட்டமடித்தது.

அதன் பிறகு, குவைத்தில் டாக்டராக இருக்கும் என் அக்காள் மகன் முகமது அனஸ், அங்கே தூரத்து நோயாளிகளைக் கம்ப்யூட்டர் திரையிலேயே பார்ப்பதாகச் சொல்லவும், நம் ஊராரையும் பார்க்கச் சொல்லி ஒரு வெள்ளிக்கிழமை அதே அறையில் உட்கார வைத்தேன். முதலில் உட்கார்ந்தவள் என் தம்பி மகள் நஜ்முன்னிசா. ஏழு மாதக் கர்ப்பிணி, மாப்பிள்ளை துபாயில். சோறு இறங்கவில்லை என்றாள். அனஸ் அவள் கண்ணைக் காட்டச் சொல்லி, காமாலையாக இருக்கலாம் என்றான். அதன் பிறகு உட்கார்ந்த அத்தனை பேருக்கும் அதையே சொன்னான். அன்று சாயங்காலத்துக்குள் ஆண்டிமடம் வரை ஒரு கீழாநெல்லிச் செடி மிஞ்சவில்லை. ஆடுகள் பட்டினி கிடந்தன.

அதன் பிறகு, பயந்த ஜனமெல்லாம் தன் கிளினிக்கில் வந்து முட்டவே, டாக்டர் செல்லப்பன் சென்டருக்கு வந்தார். "பாய், தொட்டுப் பாக்காம நோய் சொல்ல அவரு, டாக்டர் இல்லாம ஆஸ்பத்திரி நடத்த நீங்க! நாளைக்கு ஒரு உசுரு போச்சுன்னா கல்லு யாரு வூட்டுக்கு வரும்? என் வூட்டுக்குத்தானே?" என்று கேட்டுவிட்டு, நேரே இங்கே வந்து புகார் எழுதிக் கொடுத்தார்.

அதை அனஸிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"அவரு கேக்குறது சரிதான் மாமா. இங்க ஆஸ்பத்திரி பொறுப்பு ஏத்துக்குது, நோயாளி பக்கத்துல நர்ஸு நிக்குது, அதான் துணிஞ்சு பாக்குறோம். லண்டன்ல டாக்டரா இருக்குற என் கூட்டாளி, சட்டம் தெளிவா சொல்லாம திரையில பாக்க மாட்டேன்னு ஒதுங்கிட்டான். செல்லப்பன் சாருக்கு அங்க பொறுப்பு ஏத்துக்க யாரு இருக்கா? ஆமா, அந்த ரூம்புல என்ன லைட்டு போட்டுருக்கீங்க?"

"மஞ்ச பல்பு."

குவைத்துக்கும் லப்பைக்குடிக்காட்டுக்கும் நடுவில் இருந்த கடல் அலை அடிப்பதைக் கொஞ்ச நேரம் நிறுத்திக்கொண்டது.

அதன் பிறகு பல்பைக் கழற்றி டியூப்லைட் மாட்டினேன். காமாலைக்காரர் அத்தனை பேரும் சுவிட்சைத் தட்டியதும் குணமானார்கள்; இப்படி ஒரு வைத்தியத்தை எந்த தேசத்து டாக்டரும் செய்ததில்லை. ஊரே சிரித்தது. நஜ்முன்னிசாவும், "எல்லாம் ஒங்க பல்பு பண்ண வேல பெரியத்தா, எனக்கு ஒண்ணுமில்ல" என்று எழுந்தாள்.

திரையில் அனஸ், "மாமா, அவ கண்ணு எனக்கு இன்னும் மஞ்சளாத்தான் தெரியுது. ஆனா ஒரு தடவ ஏமாந்துட்டேன், இப்ப என் கண்ண நானே நம்ப மாட்டேன். செல்லப்பன் சார் அவள வெயில்ல நிறுத்திப் பாக்கணும்" என்றான்.

அதன் பிறகு, என் மேல் புகார் கொடுத்தவரின் வாசலிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். அவர் வெயிலுக்கு வந்து, அவள் கண் இமையை விரலால் இறக்கிப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. "பாய், காரைக் கூப்புடுங்க, பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போவணும். நானும் வரேன். போற வழியில ஒங்க மருமவனுக்கு போன் போடுங்க. நான் தொட்டுப் பாத்துச் சொல்றேன், அவரு கேட்டுச் சொல்லட்டும்" என்றார்.

நஜ்முன்னிசா இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். நேற்று இரண்டு இட்லி சாப்பிட்டாள். பிள்ளை உதைக்கிறதாம்.

விமானம் வட்டமடித்ததையும், ஆடுகளையும், கடலையும் ஐயா அவர்கள் இந்த வாக்குமூலத்திலிருந்து அடித்துவிடலாம். வெள்ளை வெளிச்சத்தில் ஊரார் கண்ணெல்லாம் வெளுத்த பிறகும் நஜ்முன்னிசாவின் கண் மட்டும் வெளுக்கவில்லையே, அது மட்டும் உண்மை. படித்துக் காட்டக் கேட்டு, அந்த ஒன்றுக்காகவே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஹபிபுல்லா