பூபதியின் ஈசிஜி

– நல்லா இருக்கற மனுசன படுக்க வெச்சி, நெஞ்சக் கீறி உள்ள மிசின் வெக்கணும்னா, நான் எப்படிங்க டாக்டரம்மா கையெழுத்துப் போடறது?

– பொற்கொடி, மெதுவாப் பேசு. வெளிய ஆளுங்க உக்காந்திருக்காங்க.

– நீங்க சும்மா இருங்க. பேச வேண்டிய எடத்துல வாயத் தொறக்க மாட்டீங்க. சுஜாதா டாக்டர் நல்லவங்கன்னு சொன்னாங்க, வந்தேன். இங்கயும் அந்தக் கம்பெனிக்காரன் பேச்சுதான் கேக்குது.

– கம்பெனி என்கிட்ட எதுவும் பேசலம்மா. போன வாரம் செக்கப் வேன் கம்பெனிக்கு வந்துச்சில்ல, அதுல பூபதிக்கு எடுத்த ஈசிஜி இது. இதத்தான் நான் பாக்கறேன்.

– பர்மனென்ட் ஆர்டர் குடுக்கப் போற நேரமாப் பாத்து நெஞ்சுல கோளாறுன்னா என்னங்க அர்த்தம்? இத்தன வருசம் கான்ட்ராக்ட்ல கசக்கிப் புழிஞ்சப்ப இந்தக் கோளாறு எங்க போச்சி? கழட்டி விடறதுக்கு ஒரு வழி, அவ்வளவுதான்.

– சரி, நம்பாதீங்க. சொல்றத மட்டும் கேளுங்க. இதயத்துல மேல ரெண்டு அறை, கீழ ரெண்டு அறை. மேல கரண்ட் மாதிரி ஒண்ணு கெளம்பிக் கீழ வரணும். வந்தாதான் கீழ் அறை சரியான நேரத்துல ரத்தத்த அடிக்கும். இதுல மேல ஒழுங்காத் துடிக்குது. ஆனா அது கீழ வந்து சேரல. கீழ் அறை தன்னால, பாதி வேகத்துல துடிச்சிட்டு இருக்கு.

– மோட்டாரு ஓடுது, பெல்ட்டு கழண்டு கெடக்குதுங்கறீங்க.

– ஏறக்கொறைய அப்படித்தான். இது மாரடைப்பு இல்ல. வயசுப் பசங்களுக்கும் வரும்.

– அப்ப இன்னிக்கி இங்க எடுத்தீங்களே, அதுல என்ன வந்துச்சி?

– ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கு.

– பாத்தீங்களா!

– அதான் எனக்கும் இடிக்குது. சில பேருக்கு வந்து வந்து போகும். அதனால அப்படியே அனுப்ப முடியல. கீழ் அறை கொஞ்ச நேரம் நின்னா ஆளு பொத்துனு விழுவாரு. எழுந்திரிக்காமயும் போயிடலாம். பூபதி, தல சுத்தி விழுந்திருக்கீங்களா?

– இல்லீங்க மேடம்.

– இவரு எங்க விழறாரு? எங்க வீட்டுல விழறவன் என் தம்பி சக்தி. இவரு கம்பெனியிலதான் லோடு ஏத்தறான். மாடி ஏறுனா பாதியில உக்காந்துக்கறான். ஊத்தங்கரையில எங்க அக்கா மவ சடங்குல, பந்தி போட்ட எடத்துலயே சாஞ்சிட்டான். மானம் போச்சி.

– ஏன் சாஞ்சாரு?

– வேற எதுக்கு, குடிதான்.

– வாசனை வந்துச்சா?

– வராதுங்க. பார்டர் தாண்டி அத்திப்பள்ளி போயி ஏதோ பாக்கெட்டுச் சரக்கு வாங்கறானாட்டம் இருக்குது. குடிக்கலக்கான்னு எங்க அம்மா மேல சத்தியம் பண்றான், கூசாம. நேத்துதான் அவன் துணிமணியத் தூக்கி வெளிய எறிஞ்சேன். இன்னிக்கி சூளகிரியில கபடி ஆடப் போயிருக்கான். போன் போட்டா எடுக்கல. திமிரு.

– மேடம்... இந்தக் கோளாறு இருக்கறவன் கபடி ஆடலாமுங்களா?

– ஆடவே கூடாது. ஏன் பூபதி? எதுக்கு இப்படி வேர்க்குது உங்களுக்கு?

– என்னங்க? என்னையப் பாருங்க. எதை மறைக்கறீங்க?

– எங்கப்பா நெஞ்சப் புடிச்சிட்டுச் சாஞ்சதக் கண்ணால பாத்தவன் நான். எனக்கும் ஏதாச்சும் காட்டிருச்சின்னா வேல போயிருமேன்னு பயந்துட்டேன். அன்னிக்கி வேன்ல படுத்தது நான் இல்ல பொற்கொடி. மூஞ்சியில மாஸ்க்கு, கழுத்துல என் கார்டு. வேன்காரங்க கார்டத்தான் பாத்தாங்க, ஆளப் பாக்கல. எங்க லைன்ல நெறய பேரு இப்படி ஆளு மாத்தி அனுப்பறதுதான். கபடி ஆடற நெஞ்சு, கல்லாட்டம் இருக்கும்னு நெனச்சேன்.

– யார அனுப்புனீங்க? வாயத் தொறந்து சொல்லுங்க!

– போனப் போடு. எடுக்கற வரைக்கும் போட்டுக்கிட்டே இரு. உன் தம்பி குடிக்கலடி.