ஒன்பது மணி நாற்பது நிமிஷம்

நாத்தனார்: எழுந்திரிக்காதீங்க அண்ணி! பெல்ட் போட்டிருக்கு.

அண்ணி: இது துண்டுடி.

நாத்தனார்: விமானம் இறங்கறப்ப அவிழ்க்கக் கூடாது. இன்னும் பதினோரு நிமிஷம்தான். இடுப்பு எப்படி இருக்கு?

அண்ணி: இடுப்பா? அது இருக்கற மாதிரியே தெரியல... முட்டிதான் மேசையில இடிக்குது.

நாத்தனார்: இடிக்கணும். முன்சீட்டுக்கும் நமக்கும் நடுவுல அவ்வளவுதான் இடமாம். அளந்துதானே மேசையைத் தள்ளி வச்சேன்.

அண்ணி: காலையில ஆறு மணிக்கு உட்கார்ந்தேன்... ஆபரேஷனுக்கு அப்புறம் சேர்ந்தாப்புல அரை மணி நேரம் உட்கார்ந்ததில்ல.

நாத்தனார்: நடுவுல நாலு தடவை எழுந்தீங்க...

அண்ணி: ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நடக்கணும்னு டாக்டரே சொன்னாரு. விமானத்துல மட்டும் நடக்க விடமாட்டாங்களா என்ன?

நாத்தனார்: உஷ்... அண்ணன் வந்தாச்சு.

அண்ணன்: இன்னுமா உட்கார்ந்திருக்கா?

நாத்தனார்: காலையில என்ன சொல்லிட்டுப் போனே? ஒரு மணி நேரத்துல கட்டில்ல கிடப்பான்னு!

அண்ணன்: முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் சொல்றேன். நாற்காலி வேற, பயணம் வேற. இந்தத் தலைநகரத்துலேருந்து இவ பொண்ணு இருக்கற தலைநகரத்துக்கு ஏழாயிரத்து முந்நூறு கிலோமீட்டர்!

அண்ணி: கிலோமீட்டர் எனக்கு எதுக்குங்க? நானா ஓட்டப்போறேன்? உட்காரத்தானே போறேன்.

அண்ணன்: ஒன்பது மணி நேரம்னா எப்பவோ முடிஞ்சிருக்கணுமே...

அண்ணி: போறப்ப எதிர்காத்து, ஒன்பது நாற்பது. வர்றப்ப எட்டரைதான். விசாரிச்சாச்சு. ஒரு நிமிஷம்கூட நான் ஏமாத்தல.

நாத்தனார்: மருமகன் கப்பல்ல. உன் பொண்ணு எட்டாம் மாசத்துல அங்க ஒண்டியா...

அண்ணன்: அவ பேச்சை எடுக்காதே. என்னைக் கேக்காம கல்யாணம் பண்ணிக்கிட்ட அன்னைக்கே...

நாத்தனார்: தலை முழுகிட்டே. ரெண்டு வருஷமா அதே பாட்டு. அதை விடு, உட்கார்ந்து காட்டினா டிக்கெட்னு சொன்னியா இல்லையா?

அண்ணன்: சொன்னேன்... சொன்னேன்...

நாத்தனார்: மூணு நாற்பது! இறங்கியாச்சு!

அண்ணி: கையைக் குடு... மெதுவா... ஆ... பாத்துக்குங்க, நிக்கறேன். ஃபோனை எடுடி, அவளுக்குச் சொல்லிடலாம்.

அண்ணன்: இப்ப வேணாம். அங்க பதினொண்ணு பத்து. ஞாயித்துக்கிழமை பன்னெண்டு வரைக்கும் தூங்குவா. ராத்திரியெல்லாம் குழந்தை உதைக்குதாம்...

நாத்தனார்: ...உதைக்குதாமா? யாரு சொன்னா?

அண்ணன்: யாரோ... யாரோ சொன்னாங்க.

அண்ணி: டிக்கெட் ரெண்டா போடுங்க.

அண்ணன்: ரெண்டா? இவளும் வர்றாளா?

அண்ணி: நீங்க. வாராவாரம் பஸ் ஸ்டாண்டுல நின்னு அவகிட்ட பேசறீங்களே... அவளே சொன்னா.

அண்ணன்: சொல்லிட்டாளா?... அப்ப எல்லாம் தெரிஞ்சுமா நாள் பூரா இந்த வலியோட உட்கார்ந்தே?

அண்ணி: 'உங்கம்மாவை இந்த நிலைமையில விட்டுட்டு நான் எப்படிம்மா வர்றது'ன்னு போன வாரமும் அவகிட்ட சொல்லியிருக்கீங்க. இனிமே என் இடுப்பு மேல பழி போட முடியாது. பெட்டியை இறக்குங்க.