கருப்பசாமியை இறக்கிவிட்ட இடம்

இந்த டெக்சாஸ்காரர்கள் ரோடு போடத் தெரிந்தவர்கள், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இருபத்தெட்டு வருஷம் திருச்செங்கோட்டு லாரி ஓட்டினேன். ஒரு குழிகூட இல்லாமல் இத்தனை மைல் போகிற ரோட்டை நான் கண்டதில்லை. ஜலஜாம்மா, நான் சொல்வதை அப்படியே அந்தப் போலீஸ்காரருக்கு இங்கிலீஷில் சொல்லுங்கள். படிக்காதவன் என்றால் வாய்க்கு வந்தபடி மாற்றிவிடுவார்கள், பார்த்திருக்கிறேன்.

தனியாகவா பயணம் போனாய் என்று கேட்கிறார். முதல் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் தனியாகத்தான். அதுவரை கருப்பசாமி இருந்தான். என் லாரியில் கடைசிவரை கிளீனராக இருந்தவன். அவன் மகனும் என் மகன் அகிலனும் பிளானோவில் கம்ப்யூட்டர் வேலை. மகன்களைப் பார்க்க வந்த இடத்தில் நாங்களும் பக்கத்துப் பக்கத்து அப்பார்ட்மெண்ட்.

போன மாசம் அகிலன் வந்து நின்றான். "அப்பா, இனிமே கயலை ஸ்கூல்ல நானே ட்ராப் பண்ணிக்கறேன். கார் சாவியைக் குடுங்க."

"ஏன்டா?"

"கயலை வெச்சுக்கிட்டே ஸ்டாப் சைன்ல நிக்காமப் போயிருக்கீங்க. கருப்பசாமி அங்கிள் பார்த்திருக்கார். எழுபத்தொன்பதுல தொப்பூர் கணவாய்ல சைக்கிள்காரனை அடிச்சிட்டு நிக்காமப் போனீங்களாமே, அதையும் சொல்லிட்டார்."

அதற்குப் பிறகு பேத்தியை என்னிடம் தனியாக விடவில்லை. ஆறு வயசுப் பிள்ளை, கதவோரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடும். இந்தத் தொண்ணூற்றெட்டு வரை பத்தொன்பது வருஷம் எங்கள் இரண்டு பேர் வயிற்றுக்குள் கிடந்த விஷயம் அது. கருப்பசாமியிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு நீள ரோடு ஓட்டிப் பாக்கலாம் வாடா" என்றேன். தன் மகனின் பழைய காரை அவனே கேட்டு வாங்கி வந்தான்.

வழியெல்லாம் பேச்சு. "ஏனுங்ணா, நம்ம வண்டி இந்த ரோட்டுல எறங்குனா எப்படிப் போகும்?"

"நீ குறட்டை விடறதுக்குத் தோதாப் போகும்."

சிரித்தான். பீகோஸ் ஊரைத் தாண்டியதும் கேட்டேன், "எங்கிட்டச் சொல்றதுக்கு ஏதாச்சும் இருக்குதாடா?"

"என்னத்தைங்ணா சொல்றது. மனசு நெறஞ்சு கெடக்குது."

சந்தர்ப்பம் கொடுத்தேன். அதையும் எழுதச் சொல்லுங்கள்.

ஒரு பெட்ரோல் பங்க் தாண்டி மூன்று மைலில் நிறுத்தி, பின் டயரைப் பார்க்கச் சொன்னேன். செருப்புக்காலோடு இறங்கினான். ஜூன் மாச வெயில். தலையில் துண்டுகூட இல்லை. தண்ணீர் கேன் என் பக்கம் இருந்தது. கல் தெறித்து அவன்மேல் படக்கூடாது என்று மெதுவாகத்தான் வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். கத்தவில்லை, ஓடிவரவில்லை. நீங்க போங்க, வர்றேன் என்று கையை அசைத்தான். கணவாயில் அதுதான் வழக்கம். கிளீனர் இறங்கி டயரைத் தட்டிப் பார்ப்பான், டிரைவர் முன்னால் சமதரையில் கொண்டுபோய் நிறுத்துவான், அவன் நடந்து வந்து ஏறுவான்.

சாயங்காலம் லாட்ஜில் சாப்பிட்டேன். அவன் மருமகள் சாந்தி கட்டிக்கொடுத்த புளிச்சோற்றில் என் பங்கை மட்டும்தான் தொட்டேன். அடுத்தவர் பங்கைத் தின்கிற பழக்கம் எனக்கில்லை.

கொலை என்கிறார்கள். திரும்பி மூன்று மைல் நடந்திருந்தால் பெட்ரோல் பங்கில் ஐஸ் தண்ணீர் உண்டு, போன் உண்டு. முன்னால் நாற்பது மைலுக்கு முள்ளுச்செடிதான். முன்னால் ஐந்தாவது மைலில் கிடந்தான் என்கிறீர்கள். வழியில் ஒரு பிக்கப் வண்டிக்காரர் நிறுத்தி ஏறச் சொன்னாராமே. இவன் சிரித்துக்கொண்டே முன்னால் கையைக் காட்டி அவரை அனுப்பிவிட்டானாம். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. அடுத்த மேட்டுக்கு அப்பால் நான் நிற்பேன் என்றுதான் நடந்திருப்பான். அப்படித்தான் நடப்பான் என்று தெரிந்துதான் அங்கே இறக்கிவிட்டேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். ஒன்று மட்டும் அந்தக் காகிதத்தில் இருக்க வேண்டும்: எங்கள் இரண்டு பேரில் நம்பிக்கைத் துரோகம் செய்தவன் அவன்தான்.